குரோமைச் சுற்றி என்ன வைப்பது? மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

பெங்களூருவில் முப்பரிமாண ரெண்டர் வேலை, அதாவது கணினி மாதிரியிலிருந்து புகைப்படம் போன்ற படம் உருவாக்கும் வேலை செய்யும் தமிழர்கள் சந்தித்துக்கொண்டால் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: குரோம் ஏன் குரோமாகத் தெரிவதில்லை? கேட்பவர் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் உள்ளலங்கார அலுவலகம் ஒன்றுக்குச் சமையலறைப் படங்கள் செய்பவராக இருப்பார். ஜே.சி. ரோட்டுக் கடைக்காரருக்கு மோட்டார் சைக்கிள் உதிரிபாகங்களின் படப்பட்டியல் தயாரிப்பவராகவோ, குளியலறைக் குழாய் நிறுவனத்தின் கேட்டலாக் வேலையை எடுத்தவராகவோ இருப்பதும் உண்டு. யாராக இருந்தாலும் முதலில் மெட்டீரியல் அமைப்புகளைத்தான் திறந்து காட்டுவார். மெட்டாலிக் (உலோகத்தன்மை) 1, ரஃப்னஸ் (பரப்பின் சொரசொரப்பு) 0, எல்லாம் சொன்னபடி வைத்திருக்கிறேன், ஆனாலும் சாம்பல் நிற பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறதே என்பார்.

அந்த எண்களில் பெரும்பாலும் குறை இருக்காது. குழாயைச் சுற்றி ஒன்றுமே இல்லாததுதான் குறை. எதிரே இருப்பதைத் திருப்பிக் காட்டுவதே குரோமின் தோற்றம். எதிரே வெறும் சாம்பல் வெளி இருந்தால் குழாயும் சாம்பல்தான். ஆகவே உண்மையில் நாம் எடுக்க வேண்டிய முடிவு, எந்தச் சூழலை அதற்குக் காட்டுவது என்பது. கைவசம் மூன்று வழிகள் இருக்கின்றன: இணையத்தில் கிடைக்கும் ஆயத்த எச்டிஆர்ஐ படத்தை (ஓர் இடத்தின் ஒளியை முழு வீச்சோடு சுற்றிலும் பதிவு செய்த படம்) போடுவது, ஒளி அட்டைகளையும் கறுப்பு அட்டைகளையும் நிறுத்தி நாமே ஒரு ஸ்டுடியோ கட்டுவது, பொருள் நிற்கப்போகும் இடத்துக்கே போய் எச்டிஆர்ஐ படம் பிடித்து வருவது. என் தேர்வை இப்போதே சொல்லிவிடுகிறேன். கேட்டலாக்குக்கு இரண்டாவது வழி, குறிப்பிட்ட இடத்தில் பொருளை நிறுத்திக் காட்டும் படத்துக்கு மூன்றாவது. முதலாவது, ஒத்திகைக்கு மட்டும்.

மெட்டீரியலை முதலில் முடித்துவிடலாம், சிறிய வேலை அது. அலங்காரக் குரோம் முலாம் என்பது பித்தளை அல்லது துத்தநாக வார்ப்பின் மேல் தடித்த நிக்கல் படலம், அதற்கும் மேல் ஒரு மைக்ரானுக்கும் குறைவான குரோமியம். பீன்யா தொழிற்பேட்டையில் முலாம் பட்டறை ஒன்றுக்குப் போய்ப் பார்த்தால் இது கண்முன் தெரியும். நிக்கல் தொட்டியிலிருந்து வெளியே வரும்போதே பொருள் கண்ணாடிபோல் மின்னும், ஆனால் மஞ்சள் சாயலோடு. குரோமியத் தொட்டியிலிருந்து வரும்போது அந்த மஞ்சள் போய் லேசான நீலம் ஏறியிருக்கும். குரோமியம் தருவது குளிர்ந்த நிறமும் கீறலைத் தாங்கும் கடினமும். பளபளப்பு முன்னரே பாலிஷ் சக்கரத்திலும் நிக்கலிலும் உருவாகிவிடுகிறது.

வெள்ளி அளவுக்குக் குரோமியம் ஒளியைத் திருப்பி அனுப்புவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ரெண்டர் வேலையில் புழங்கும் அட்டவணைகளில் வெள்ளியின் பிரதிபலிப்பு நிறம் (சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில்; 1 என்றால் ஒளி முழுவதும் திரும்பும்) 0.97, 0.96, 0.92 அளவில் இருக்கிறது. குரோமியத்துக்கு 0.55, 0.56, 0.55. வேறு சில அட்டவணைகள் அதற்கு 0.65 முதல் 0.70 வரை தருகின்றன. எதை எடுத்தாலும் தூய வெள்ளையான 1.0 சரியல்ல. கழுத்தும் கைப்பிடியும் நெருங்கி நிற்கும் குழாயில் இது பளிச்சென்று தெரியும். 0.55 வைத்தால், ஒளி ஒரு முறை பட்டுத் திரும்பும்போது 0.55, இரண்டாம் முறை 0.30, மூன்றாம் முறை 0.17, நான்காம் முறை 0.09. மூட்டுகளிலும் இடுக்குகளிலும் ஆழ்ந்த கருமை தானாகவே சேர்கிறது. 1.0 வைத்தால் எத்தனை முறை பட்டாலும் ஒளி குறைவதே இல்லை. அந்த இடுக்குகளெல்லாம் வெளிறி, பொருள் எடையற்றதாகிவிடும்.

எண்ணை எந்தப் பெட்டியில் எழுதுகிறோம் என்பதையும் பாருங்கள். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் நிறத்துக்கான எண் பெட்டிகள் நேர்கோட்டு மதிப்பை, அதாவது ஒளியின் உண்மையான அளவை எடுத்துக்கொள்கின்றன. நிறக் குறியீட்டுக்கான ஹெக்ஸ் பெட்டி, திரைக்காக மாற்றிய மதிப்பை எடுத்துக்கொள்கிறது. நேர்கோட்டு 0.55 என்பது 255 அளவில் சுமார் 196. இரண்டையும் குழப்பினால் குரோம் இரும்பு நிறத்துக்கு இறங்கிவிடும். வி-ரே என்ற ரெண்டர் மென்பொருளின் பழைய கோப்புகளில் மெட்டாலிக் அமைப்பு இல்லாமல் ஒளிவிலகல் எண்ணை 20 வரை ஏற்றி உலோகம் செய்திருப்பார்கள். பரப்பை நேரெதிரே பார்க்கும்போது எவ்வளவு ஒளி திரும்பும் என்ற சூத்திரத்தில் போட்டால் 20 என்பது 82 விழுக்காடு, 7 என்பது 56 விழுக்காடு. அப்படிப்பட்ட கோப்பு கைக்கு வந்தால் 7 என்று மாற்றிப் பாருங்கள், குரோமியத்துக்கு அருகில் வரும். ரஃப்னஸ் 0 முதல் 0.05 வரை எதுவாக இருந்தாலும் சண்டை வேண்டாம். உள்ளே அந்த எண் இருமடிப் பெருக்கமாகத்தான் கணக்கில் சேர்கிறது, 0.1 என்று எழுதினால் கணக்கில் சேர்வது 0.01தான்.

இன்னொன்றையும் எந்த வழிக்குப் போகும் முன்பும் சரிபார்க்க வேண்டும்: வடிவத்தின் தரம். மற்ற மெட்டீரியல்கள் மன்னித்துவிடும் பிழைகளைக் குரோம் மன்னிக்காது. பொறியாளர் அனுப்பிய ஸ்டெப் கோப்பை (பொறியியல் வடிவக் கோப்பு) கரடுமுரடாக முக்கோணங்களாக்கினால் பிரதிபலிப்பு துண்டு துண்டாக உடையும். விளிம்புகளை மழுக்கும் சிறிய பெவல் இல்லாவிட்டால் ஒளிக்கோடு பிடிக்க இடமே இருக்காது. பாலிஷ் சக்கரம் பட்ட எந்த வார்ப்பிலும் கத்திமுனை விளிம்பு இல்லை. ரைனோ என்ற வடிவமைப்பு மென்பொருள் வைத்திருப்பவர்கள், பரப்பின்மேல் கறுப்பு வெள்ளைப் பட்டைகளைப் பிரதிபலித்துக் காட்டும் வரிக்குதிரைக் கோடுகளை ஓட்டிப் பாருங்கள். இரண்டு பரப்புகள் சேரும் இடத்தில் கோடுகள் இணைந்தும் முறிந்து திரும்பினால், அந்த முறிவு ரெண்டரிலும் அப்படியே தெரியும். இதை விளக்குகளால் மறைக்க முடியாது. வடிவம் கொடுத்தவரிடம் திருப்பி அனுப்புவதுதான் நேர்மை.

இனி ஆயத்த எச்டிஆர்ஐ. சூழலின் படத்தைப் பொருளைச் சுற்றிப் போர்த்திப் பிரதிபலிப்பு காட்டும் எண்ணம் பழையது. 1976இல் ஜேம்ஸ் பிளின்னும் மார்ட்டின் நியூவெல்லும் அதை வெளியிட்டார்கள். உண்மையான ஒளியின் முழு வீச்சையும் பதிவு செய்த புகைப்படங்களாலேயே கணினிப் பொருட்களுக்கு ஒளியூட்டலாம் என்று 1998இல் பால் டெபெவெக் காட்டினார். இன்று பாலி ஹேவன் தளத்தில் அப்படிப்பட்ட படங்கள் காப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாமல் கிடைக்கின்றன. இறக்கி, உலகப் பின்னணியில் இணைத்தால் போதும், சாம்பல் பிளாஸ்டிக் அடுத்த நொடியே உலோகமாகிவிடும். முதல் முறை பார்ப்பவருக்கு அது பெரிய மகிழ்ச்சி. வடிவத்தைச் சோதிக்கவும் வாடிக்கையாளருக்கு முதல் வரைவு காட்டவும் இதைவிட விரைவான வழி இல்லை.

ஆனால் இறுதிப் படத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் காரணம் நுணுக்கம். 4கே எச்டிஆர்ஐ என்பது 360 பாகைக்கு 4096 புள்ளிகள், அதாவது ஒரு பாகைக்குப் பதினொன்று சொச்சம். 40 பாகை அகலத்தைப் பார்க்கும் கேமராவில் 4000 புள்ளி அகலப் படம் எடுத்தால் ஒரு பாகைக்கு 100 புள்ளிகள். தட்டையான குரோம் பரப்பு கோணங்களை மாற்றாமல் அப்படியே திருப்புவதால் அங்கே பதினொரு புள்ளிகள் நூறாக இழுபடும். 16கே படமும் பாகைக்கு நாற்பத்தைந்துதான் தரும். உருண்டையான பரப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. உருண்டை முழுச் சூழலையும் சுருக்கித் தன்மேல் வைத்துக்கொள்வதால் 4கே போதும். ஆகவே உருண்டைக் குமிழுக்கு அழகாக இருக்கும் அதே எச்டிஆர்ஐ, சதுரக் கைப்பிடியில் மங்கிப் போகிறது.

இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. எச்டிஆர்ஐ படம் எல்லையற்ற தூரத்தில் இருப்பதாகவே மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. கேட்டலாக் படங்களை நாம் நீண்ட லென்ஸில் எடுக்கிறோம், கதிர்கள் ஏறக்குறைய இணையாகப் போகின்றன. தட்டையான முகம் அப்போது சூழலின் ஒரே திசையை, ஒரே துளியைத்தான் பார்க்கும். முகம் முழுவதும் ஒரே நிறம், உயிரில்லாத தகடு. எச்டிஆர்ஐயைச் சுழற்றிச் சுழற்றிப் பார்ப்போம். ஒரு முகம் சரியானால் இன்னொரு முகம் கெடும். அந்தப் போராட்டத்தில் செலவழியும் நேரத்தில் ஸ்டுடியோவே கட்டிவிடலாம்.

மூன்றாவது காரணம் நம் ஊர் சார்ந்தது. ஆயத்தப் படங்களில் பல, எங்கோ வெளிநாட்டுத் தெருவில் அல்லது பனி படர்ந்த வெளியில் எடுத்தவை. ராஜாஜிநகர் மெக்கானிக் கடையில் மாட்டவேண்டிய சைலென்சரில் ஓடு வேய்ந்த ஐரோப்பிய வீடு வளைந்து தெரிகிறது. வாங்குபவரால் அது என்னவென்று சொல்ல முடியாது, ஆனாலும் படம் ஒட்டாது.

இரண்டாவது வழிக்கு வருவோம். நான் அதிகம் வாதாடுவது இதற்காகத்தான். உலோகப் பொருட்களைப் படம் எடுக்கும் புகைப்படக் கலைஞர்கள் நெடுங்காலமாகச் செய்வதைத்தான் ரெண்டரிலும் செய்கிறோம்: சுற்றிலும் இருட்டு, அதில் தேவையான இடத்தில் வெள்ளை, தேவையான இடத்தில் கறுப்பு. வீட்டில் எவர்சில்வர் டம்ளர் ஒன்றைச் சன்னலோரம் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். சன்னல் ஒரு வெள்ளைப் பட்டையாக, அறையின் இருண்ட மூலை ஒரு கரும்பட்டையாக, இரண்டும் தோளோடு தோள் உரசி நிற்கும். கண் உலோகம் என்று உணர்வது அந்த இரண்டின் அண்மையைத்தான். வெள்ளை மட்டும் இருந்தால் பீங்கான், கருமை மட்டும் இருந்தால் கறுப்புக் கண்ணாடி.

அட்டையை எங்கே நிறுத்துவது என்பதற்கு ஊகம் வேண்டாம், கணக்கு இருக்கிறது. உருளை வடிவக் குழாயை நேரே பார்க்கிறோம். பரப்பு எத்தனை பாகை திரும்புகிறதோ அதைப்போல் இருமடங்கு பிரதிபலிப்பு திரும்பும். உருளையின் நடுக்கோட்டில் கேமராவே தெரியும். நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் பாதி தூரத்தில் பரப்பு 30 பாகை திரும்பியிருக்கிறது, அங்கே தெரிவது கேமராவிலிருந்து 60 பாகை விலகிய இடம். பத்தில் ஏழு பங்கு தூரத்தில், அதாவது 0.7 ஆரத்தில், தெரிவது நேர் பக்கவாட்டு. 0.87 ஆரத்தைத் தாண்டினால் 120 பாகை. பொருளுக்குப் பின்னால் இருப்பவையெல்லாம் அந்த ஒடுங்கிய ஓரத்தில் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. இதைக் கையில் வைத்துக்கொண்டால், எந்த இடத்தில் வெள்ளைக் கோடு வேண்டுமோ அதற்கு நேரான திசையில் அட்டையை நேரடியாக நிறுத்தலாம். 60 பாகை முதல் 100 பாகை வரை நிரப்பும் அட்டை, உருளையின் விட்டத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அகலமுள்ள பட்டையாகத் தெரியும். அதைவிட அகலமான பட்டை வேண்டுமென்றால் அட்டையைப் பெரிதாக்குங்கள், அல்லது நெருக்கி நிறுத்துங்கள். ஒளியின் அளவை ஏற்றுவதால் பட்டை அகலாது.

கேட்டலாக்கில் மிகவும் தொல்லை தருவது வெள்ளைப் பின்னணி. மேலே சொன்ன கணக்கே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. பின்னால் இருப்பதெல்லாம் ஓரத்தில் தெரியும் என்றால், வெள்ளைப் பின்னணி ஓரத்தை வெள்ளையாக்கும். குழாயின் உருவக்கோடு காகிதத்தில் கரைந்துவிடும். இதற்கு வழி, பொருளுக்குப் பின்னே இருபக்கமும் படச்சட்டத்துக்கு வெளியே கறுப்பு அட்டைகளை நிறுத்துவது. ஓரம் முழுவதும் மெல்லிய கருங்கோடு விழும்; யாரோ பேனாவால் வரைந்ததுபோல் உருவம் எடுத்து நிற்கும். புகைப்பட ஸ்டுடியோவில் பின்னணியின் வெளிச்சத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். நமக்கு அந்தச் சிரமமும் இல்லை. பிளெண்டரின் ரெண்டர் இயந்திரமான சைக்கிள்ஸில், பின்னணித் திரை பளபளப்புக் கதிர்களில், அதாவது பிரதிபலிப்புகளில் தெரிவதை அணைத்துவிடலாம். கேமராவுக்கு வெள்ளை, குழாய்க்குக் கருமை. ரெண்டரில் இந்த வழி ஸ்டுடியோவைவிடச் சிறந்தது என்று தயங்காமல் சொல்வேன்.

அட்டையின் ஓரங்களும் முக்கியம். சீரான வெள்ளைச் செவ்வகம் அப்படியே வெள்ளைச் செவ்வகமாகத்தான் தெரியும், பார்த்தவுடன் கணினிப் படம் என்று காட்டிக்கொடுக்கும். அட்டையின் ஒளிர்வில் ஒரு சாய்வுப் படத்தை இணையுங்கள்: ஒரு பக்கம் கூர்மையாக முடியட்டும், மறுபக்கம் மெல்ல இருட்டில் கலக்கட்டும். கூர்மையான பக்கம் குழாயின் நடுக் கருமையை ஒட்டியும், இருட்டில் கலக்கும் பக்கம் வெளிப்புறமாகவும் இருந்தால் உருளையின் உருட்சி தெளிவாக வரும். தட்டையான கைப்பிடிக்குத் தனியாக ஓர் அட்டை, மிக அருகில். அருகில் இருப்பதால்தான் கைப்பிடியின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையில் ஒளி மாறும். எச்டிஆர்ஐயால் தரவே முடியாதது இது. ஸ்டுடியோ முழுவதையும் கடும் கருமையில் விடாமல், மிகக் குறைந்த வலுவில் ஓர் எச்டிஆர்ஐயைப் பின்னால் ஓடவிடுவது எனக்குப் பிடிக்கும். கரும்பட்டைகளுக்குள் ஏதோ ஒன்று மங்கலாக அசைந்தாற்போல் இருக்கும், வெற்றுக் கருமையாக இராது.

பிளெண்டர் 4.0 முதல் சைக்கிள்ஸில் ஒரு விளக்கைக் குறிப்பிட்ட பொருளோடு மட்டும் இணைக்க முடிகிறது. கைப்பிடிக்கான அட்டை கழுத்தில் தெரியக் கூடாது என்றால் அது உதவும். ஆனால் குரோமில் அளவோடு பயன்படுத்துங்கள். கழுத்தில் தெரியும் கைப்பிடியில் அட்டை இருக்கிறது, கழுத்தில் மட்டும் இல்லை என்றால் பிரதிபலிப்புகள் ஒன்றையொன்று மறுக்கத் தொடங்கும். கீஷாட் என்ற ரெண்டர் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு எச்டிஆர்ஐ தொகுப்பியில் விளக்குகளைச் சேர்க்கும் வசதி உண்டு. மிக விரைவானது, உருண்டை வடிவங்களுக்கு அருமையாக வேலை செய்கிறது. அதுவும் எல்லையற்ற தூரத்து ஒளிதான் என்பதால் தட்டை முகங்களுக்கு அங்கேயும் நிஜமான அட்டைகளை நிறுத்தத்தான் வேண்டும்.

இந்த வழியின் விலை உழைப்பு. ஒவ்வொரு வடிவத்துக்கும் அட்டைகளைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருக்கும். சதுரக் குழாய்க்குக் கட்டியது வளைந்த குழாய்க்கு அப்படியே பொருந்தாது. என்றாலும் ஒரு வரிசையின் முதல் குழாய்க்கு நன்றாகக் கட்டிய கோப்பு மற்றவற்றுக்கும் அடித்தளமாகிவிடுகிறது, கேட்டலாக் முழுவதும் ஒரே ஒளியில் நிற்கும். வாடிக்கையாளர் பிறகு ஒரு புதிய மாடலைச் சேர்த்தாலும் பழைய பக்கங்களோடு அது ஒட்டும்.

மூன்றாவது வழி, இடத்தைப் படம் பிடிப்பது. மோட்டார் சைக்கிளைப் பெங்களூரு தெருவில் நிறுத்திக் காட்ட வேண்டும் என்று வையுங்கள். ஜெயநகரின் மரம் கவிந்த சாலைகளில் எடுத்த எச்டிஆர்ஐ, குரோம் மட்கார்டில் தரும் காட்சியை எந்த ஆயத்தப் படமும் தராது. மேலே இலைகளின் கருமைக்கு இடையே வானத் துண்டுகள், நடுவில் சுற்றுச்சுவர்களின் வெளிர்நிறம், கீழே தார்ச்சாலையின் அடர்த்தி. வெள்ளையும் கருமையும் அங்கே தாமாகவே அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. வெட்டவெளி மைதானத்தில் எடுத்தால் மேலே ஒரே வெண்மை, கீழே ஒரே பழுப்பு, அவ்வளவுதான் கிடைக்கும். மழைக்கால மேகமூட்டத்தில் படம் பிடிப்பது சுலபம், ஏனென்றால் சூரியனின் வீச்சைச் சமாளிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வானம் குரோமுக்கு உகந்ததல்ல, எல்லாம் தளர்ந்து சாம்பலாகும். மரநிழல் இருந்தால் மட்டும் மேகமூட்ட நாளைத் தேர்ந்தெடுப்பேன். வெயில் நாளில் சூரியனின் ஒளி பதிவில் வெட்டுப்பட்டு வெறும் வெள்ளையாகாமல் இருக்க மிகக் குறைந்த வெளிச்ச அளவிலும் படங்கள் எடுக்க வேண்டும். அது முடியாவிட்டால் எச்டிஆர்ஐயில் சூரியனை அழித்துவிட்டு, அதே திசையில் மென்பொருளின் சூரிய விளக்கை வைப்பது மேல்.

கருவியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இரட்டை லென்ஸ் கொண்ட 360 பாகைக் கேமரா போதும். ரிக்கோ தீட்டா இசட்1 தரும் 6720 புள்ளி அகலப் படம், பாகைக்குப் பதினெட்டுக்கு மேல் புள்ளிகளைத் தருகிறது. வளைந்த பரப்புகள் நிறைந்த மோட்டார் சைக்கிளுக்கு அது தாராளம். பொருள் நிற்கப்போகும் இடத்தில், அதன் உயரத்திலேயே கேமராவை நிறுத்துங்கள். நம் கண் உயரத்தில் எடுத்தால் தொடுவானம் தவறான இடத்தில் வளையும். வாகன எண் பலகைகளையும் தெருவில் போவோரின் முகங்களையும் மங்கலாக்கிவிடுங்கள். குரோமில் தெரியாது என்று விட்டுவிடாதீர்கள். தட்டையான எண் பலகைச் சட்டத்தில் தெரியும், அதோடு அவர்களிடம் நாம் அனுமதி கேட்கவில்லை. தெருவில் நிற்கும் வண்டிக்குத் தரைப் பரப்பு ஒன்றை எச்டிஆர்ஐயின் தார் நிறத்தோடு தனியாக வைப்பதும் அவசியம். இல்லாவிட்டால் சைலென்சரின் அடிப்பக்கம் எல்லையற்ற தூரத்துச் சாலையைப் பார்த்துக்கொண்டு அந்தரத்தில் மிதக்கும்.

வீட்டு உட்புறப் படம் செய்பவர்களுக்கு மூன்றில் எதுவும் முழுதாகப் பொருந்தாது. அவர்களுக்கு அறையே சூழல். ஒயிட்ஃபீல்டு அடுக்ககம் ஒன்றின் சமையலறையைச் செய்கிறோம். கேமரா பார்க்கும் மூன்று சுவர்களை மட்டும் கட்டுகிறோம், நேரம் மிச்சம். சிங்க் குழாயோ கேமராவுக்குப் பின்னால் இருப்பதைத்தான் பெரிதும் பார்க்கிறது. அங்கே ஒன்றும் இல்லை என்றால் குழாயில் விழுவது கருவெளி அல்லது அர்த்தமற்ற வானம். நான்காவது சுவர், அதில் ஒரு கதவின் இருட்டு, பால்கனியின் வெளிச்சம், ஒரு சோபாவின் பருமன், கூரை விளக்குகள் ஆகியவற்றை எளிய பெட்டிகளாக வைத்தாலே போதும். குழாயின் கழுத்தில் கிடைக்கும் சிறிய சிக்கலான காட்சி, மொத்தச் சமையலறையையும் நம்பவைக்கும். போர்வெல் தண்ணீர் விட்டுச்செல்லும் வெண்புள்ளிகளை ரஃப்னஸில் லேசாகச் சேர்க்கச் சொல்லி உண்மைத்தன்மை கேட்பவர்கள் உண்டு. வீடு விற்கும் படத்தில் நான் அதைச் சேர்க்க மாட்டேன். மாறாக, பிரதிபலிப்பு மிக மெல்ல நெளியும்படி பெரிய அளவிலான, கண்ணுக்கே எட்டாத மேடுபள்ளம் கொடுப்பேன். துத்தநாக வார்ப்புகளில் அந்த நெளிவு உண்மையாகவே இருக்கிறது, கீறல்களைவிட அதுதான் நம்பிக்கை தருகிறது.

எந்த ரெண்டர் மென்பொருளைப் பயன்படுத்துவது என்ற கேள்விக்கு அதிகம் பேச வேண்டியதில்லை. அசையாப் படத்துக்குக் கதிர்களை முழுமையாகப் பின்தொடரும் சைக்கிள்ஸ், வி-ரே, கீஷாட் போன்றவைதான் சரி. உடனுக்குடன் படம் காட்டும் முறைகளில், 2024இல் வந்த பிளெண்டர் 4.2இன் புதிய ஈவீயும், விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான அன்ரியல் 5இல் 2022 முதல் இருக்கும் லூமெனும் வியக்கத்தக்க வேகம் காட்டுகின்றன. ஆனால் ஈவீயின் திரைவெளிப் பிரதிபலிப்புக்குச் சட்டத்துக்கு வெளியே இருப்பது தெரியாது. நாம் கவனமாக நிறுத்திய அட்டைகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. முன்கூட்டியே பதிவு செய்த உருண்டைச் சூழல் படத்தால் இடைவெளியை நிரப்பலாம், ஆனால் கைப்பிடியும் கழுத்தும் ஒன்றையொன்று சரியாகப் பார்க்காது. நேரடியாகச் சுழற்றிப் பார்க்கும் கடைத்திரைக்கோ, வாடிக்கையாளர் எதிரே அமர்ந்து நிறம் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கோ அது போதுமானது; அச்சுப் பக்கத்துக்குப் போதாது. சைக்கிள்ஸில் பளபளப்புக் கதிரின் திருப்பங்கள் தொடக்கத்தில் 4 என்று இருக்கும். நேரம் மிச்சப்படுத்த அதை 1ஆகக் குறைத்தால் குரோமுக்குள் தெரியும் குரோம் கறுத்துவிடும். மேலே பார்த்த கணக்குப்படி நான்காம் திருப்பத்தில் ஒன்பது விழுக்காடு மிஞ்சுகிறது, ஆகவே 4ஐ அப்படியே விடுங்கள்.

செயற்கை நுண்ணறிவில் படம் உருவாக்கிக்கொள்ளலாமே என்று இப்போது பலர் கேட்கிறார்கள். தொடக்க யோசனைகளைக் காட்டும் மனநிலைப் பலகைக்கு (மூட் போர்டு) எடுத்துக்கொள்ளுங்கள். விற்கப்போகும் பொருளுக்கு வேண்டாம். கைப்பிடியின் கோணம் சற்று மாறும், திருகின் இடம் நகரும். வாங்கியவர் பெட்டியைத் திறந்து பார்க்கும்போது படத்தில் கண்ட குழாய் அதில் இருக்காது. அந்தப் பொறுப்பு நம்முடையது.

கடைசியாக, வெளியீட்டின் நிற மாற்றம், அதாவது கணக்கிட்ட ஒளியைத் திரையின் நிறமாக்கும் முறை. பிளெண்டர் 4.0 முதல் தொடக்கத்தில் ஏஜிஎக்ஸ் என்ற மாற்றம் இருக்கிறது. வெயில் தெறிக்கும் மோட்டார் சைக்கிள் படத்துக்கு அது நல்லது, மின்னலான இடங்கள் நயமாக அடங்கும். கேட்டலாக்கில் அதே மாற்றம் வெள்ளைப் பின்னணியைச் சாம்பலாக்கிவிடும். அங்கே ஸ்டாண்டர்டு மாற்றத்தை வையுங்கள், 4.2இல் சேர்ந்த குரோனோஸ் பிபிஆர் நியூட்ரல் மாற்றமும் பொருட்படங்களுக்கு ஏற்றது. ஸ்டாண்டர்டில் வேலை செய்தால் அட்டையின் வலுவைக் கண்ணால் தேட வேண்டியதில்லை. குரோமில் வெள்ளைப் பட்டை 0.9 அளவில் விழ வேண்டும் என்றால், திரையில் அது 243 வாக்கில் வரும், அச்சிலும் வெட்டுப்படாது. குரோமியம் 0.55ஐத் திருப்புகிறது, ஆகவே அட்டையின் ஒளிர்வு 1.64. அங்கிருந்து தொடங்கிச் சாய்வை மட்டும் மாற்றிக்கொண்டு போகலாம்.